அமெரிக்கனுக்காக நான் எழும்பிய பூசை

இத்தாலியில், பலேர்மோ நகரின் பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னாலுள்ள ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடியில் சினியோரா என்று நான் கூப்பிடும் ஒரு வயதான இத்தாலிய அம்மாவைப் பார்த்துக்கொள்வது என் வேலை. குளிக்க வார்ப்பேன், மருந்து கொடுப்பேன், சமைப்பேன், தலை வாரி இழுத்துவிடுவேன். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை, அவர் கதை சொல்லும்போது குறுக்கே பேசாமல் இருப்பது. அதுதான் எனக்கு வராது. என் வாய் அப்படி. உன்னைக் கட்டுறவன் காதைக் கழற்றி வைச்சிட்டுத்தான் வரவேணும் என்று அம்மா எனக்குப் பதினாறு வயதிலேயே சொல்லிவிட்டார்.

சினியோராவுக்குத் தொண்ணூறு ஆகப்போகிறது. கால் இரண்டும் கைவிட்டுவிட்டன, நாக்கு மட்டும் நல்ல சுகம். சந்தோசத்தில் இத்தாலியன் பாஷையும் கோபத்தில் சிசிலியனும் கதைப்பார். எதைக் கதைத்தாலும் நான் அதை எனக்குள் எங்கள் மன்னார் ஊர்த் தமிழில்தான் கேட்பேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். அவர் வாய்க்குள் எங்கள் தமிழ் எப்படி வந்தது என்று யாரும் என்னிடம் சண்டைக்கு வரவேண்டாம்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். மேசையில் பாஸ்தாவை வைத்துவிட்டு நிமிர்ந்தால், "என்ரை அமெரிக்கனைப் பற்றிச் சொன்னனானோ?" என்று தொடங்குவார்.

"ஓம் சினியோரா, போன கிழமையும் சொன்னனீங்கள்."

"அது சுருக்கமாச் சொன்னது."

கண்டறியாத அமெரிக்கன் என்று தமிழில் முணுமுணுத்துக்கொண்டு கதிரையை இழுத்துப் போட்டு உட்காருவேன். ஆனால் உண்மையைச் சொன்னால், அந்தக் கதை ஒரு நாளும் எனக்கு அலுக்கவில்லை.

சினியோரா சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர்களுடைய வீடு பலேர்மோவின் வுச்சீரியாச் சந்தையில், மீன் கடைகளுக்கு மேலே இருந்ததாம். இரண்டாம் உலக யுத்தத்தில் பலேர்மோ மேல் குண்டு விழுந்து வீடு நொறுங்கிப்போனது. தகப்பனின் சொந்தக்காரர் ஒருவருக்கு உள்நாட்டில் மலைப்பக்கம் ஒரு தோட்டம் இருந்தது. குடும்பம் அங்கே இடம்பெயர்ந்தது. இடம்பெயர்வது என்றால் என்ன என்று அவர் எனக்கு விளக்க வெளிக்கிட்டார். "அது எனக்குத் தெரியும், மிச்சத்தைச் சொல்லுங்கோ" என்றேன்.

கோடை வெயிலில் அமெரிக்க இராணுவம் மலைகளைத் தாண்டி வந்தது. சனமெல்லாம் அந்தத் தோட்ட வீட்டின் அடியில், வைன் பீப்பாய்கள் வைக்கும் நிலவறைக்குள் போய் ஒளிந்துகொண்டது. அன்று காலை அந்த வீட்டிலிருந்து யாரோ சுட்டு ஒரு அமெரிக்கச் சிப்பாய் செத்துப்போயிருந்தான். செத்தவனின் கூட்டாளிகள் நிலவறை வாசலுக்கு வந்துவிட்டார்கள். கையில் கைக்குண்டு. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று கேட்கிற நிலையில் அவர்கள் இல்லை. கிளிப்பைக் கழற்றி எறிவதுதான் மிச்சம்.

அவர்களுக்குத் தலைவன் ஒரு சார்ஜென்ட். இளந்தாரி. "நில்லுங்கோ" என்று சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டுத் துவக்கை நிலத்தில் வைத்து, தலைக்கவசத்தைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்து, வெறுங்கையோடு படியில் இறங்கியிருக்கிறார். இறங்கும்போது அவர் கூப்பிட்டது ஆங்கிலத்தில் இல்லை. சிசிலியனில்.

"உள்ளுக்கை ஆர் இருக்கிறியள்? பயப்பிடாதேங்கோ. என்ரை அம்மா இந்தப் பக்கத்தாள்தான்."

அவருடைய தாய் சிசிலியிலிருந்து கப்பலேறிப் போனவராம். அடுப்படியில் தாயோடு கதைத்த அந்தப் பாஷைதான் அன்று அவருக்குத் துணை. ஆனால் இருட்டுக்குள் இருந்தது பெண்களும் பிள்ளைகளும் மட்டுமில்லை. இரண்டு இத்தாலியச் சிப்பாய்களும் பீப்பாய்க்குப் பின்னால் துவக்கை நீட்டிக்கொண்டு இருந்தார்கள். துவக்கின் வாய் அவருடைய நெஞ்சுக்கு நேரே. அவர் அதைக் கண்டார். கண்டும் திரும்பி ஓடவில்லை. அப்படியே படியில் குந்திவிட்டார்.

"அந்த ரெண்டு பேரிட்டையும் என்ன கேட்டவன் தெரியுமோ?" என்று இந்த இடத்தில் சினியோரா எப்போதும் நிறுத்துவார். நான் தெரியாததுபோல் இருக்கவேண்டும்.

"என்ன கேட்டவர்?"

"நீங்கள் எந்த ஊர், அம்மா இருக்கிறாவோ எண்டு கேட்டவன்."

ஒருவன் அழத் தொடங்கிவிட்டான். துவக்கு கீழே வந்தது. மற்றவனும் வைத்துவிட்டான். பிறகு அந்தச் சார்ஜென்ட் எல்லோரையும் தனக்குப் பின்னால் வரச் சொல்லி, முதல் ஆளாகப் படியேறினார். மேலே நிற்பது அவருடைய ஆட்கள்தான், ஆனால் கூட்டாளியைப் பறிகொடுத்த ஆத்திரத்தில் நிற்கிற ஆட்கள். அவர்களுக்கும் இந்தச் சனத்துக்கும் நடுவில் தன் உடம்பை வைத்துக்கொண்டு நடந்தார். சினியோரா அவருடைய இடுப்புப் பட்டியின் நுனியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாராம்.

"சொக்கிலேற் தந்திருப்பாரே?" என்று ஒரு நாள் நக்கலாகக் கேட்டேன்.

"அவனிட்டை ஒண்டுமில்லை. என்ரை மூக்கு வழிஞ்சுகொண்டு நிண்டது. தன்ரை சட்டைக் கையாலை துடைச்சுவிட்டவன்."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அது சரி சினியோரா, வுச்சீரியாவிலை உங்கடை வீட்டுக்கு மேலை குண்டு போட்டதும் உந்த அமெரிக்கன்கள்தானே?" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. முள்ளுக்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஓம். குண்டு போட்டவனை எனக்குத் தெரியாது, பிள்ளை. படியாலை இறங்கி வந்தவனைத்தான் தெரியும்."

இன்னொரு நாள், தொலைக்காட்சியில் யாரோ ஒரு பெரிய மனிதர் யுத்தத்தைப் பற்றி மேசையைத் தட்டிக் கதைத்துக்கொண்டிருந்தார். சினியோரா சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். "இவங்கள் எல்லாரும் போ போ எண்டு சொல்லுறவங்கள். என்ரை அமெரிக்கன் மற்றவனை நில்லெண்டு சொல்லிப்போட்டு, தான் போனவன். அவன்தான் தலைவன்" என்றார்.

கதையின் கடைசிப் பகுதியை அவர் எனக்கு உடனே சொல்லவில்லை. என்னோடு பழகிய பிறகுதான் சொன்னார். அந்தப் படைப்பிரிவு தீவின் கிழக்குப் பக்கம் போனது. அங்கே மலைக்கு நடுவில் ஒரு காய்ந்த ஆற்றுப் படுக்கை. அதற்குள் அவருடைய ஆட்கள் சிலர் காயப்பட்டுக் கிடந்தார்கள், எதிரிகள் மேலேயிருந்து சுட்டுக்கொண்டிருந்தார்கள். சார்ஜென்ட் இறங்கிப்போய் ஒருவனைத் தூக்கி வந்தார். பிறகு இன்னொருவனை. திரும்பவும் போனார். வரவில்லை. அந்த இடத்தைப் பிடித்த பிறகு தேடியபோது ஆளும் இல்லை, உடலும் இல்லை. இதெல்லாம் அவரோடு இருந்த ஒரு சிப்பாய், யுத்தம் முடிந்து எத்தனையோ வருடம் கழித்து, அந்தத் தோட்டத்தைத் தேடி வந்து சொன்னதாம். தன்னைத்தான் இரண்டாவதாகத் தூக்கி வந்தவர் என்று சொல்லி, அந்த நிலவறைப் படியில் உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனாராம்.

நான் எழும்பிக் குசினிக்குள் போனேன். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவின கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவினேன். சினியோரா கூப்பிட்டுக் கேட்டார், "என்ன பிள்ளை, என்ன நடந்தது?" ஒன்றுமில்லை என்றேன். என் தம்பியின் கதையை அவர் எப்படித் தெரிந்து வைத்திருக்கிறார் என்று ஒரு நிமிடம் எனக்கு விசர்த்தனமாகத் தோன்றியது.

என் தம்பி சிப்பாய் இல்லை. எவருடைய துவக்கையும் தொட்டவன் இல்லை. மன்னாரில் மீன் வாடியில் ஐஸ் உடைத்தவன். வேலை முடிந்தால் குளித்து, பவுடர் பூசி, சந்தியில் நின்று போகிற வருகிறவர்களைப் பகிடி பண்ணுவான். இவ்வளவுதான் அவன். யுத்தம் எங்கள் சனத்தை வன்னிக்குள் இழுத்துக்கொண்டு போனபோது அவனும் அம்மாவும் அதோடு போனார்கள். நான் அதற்கு முன்பே பலேர்மோவுக்கு வந்துவிட்டேன், வேறொரு வீட்டில் நிலம் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கடைசி நாட்களில் நடந்ததை அம்மா வாயால்தான் கேட்டேன். பதுங்குகுழிகளை விட்டு வெளியே வரச் சனத்துக்குப் பயம். இவன் அம்மாவின் வெள்ளை உள்பாவாடையைத் தடியில் கட்டி உயர்த்திக்கொண்டு, "எனக்குப் பின்னாலை வாங்கோ, ஓடாதேங்கோ, நடவுங்கோ" என்று சொல்லி முன்னால் போனானாம். களப்பில் தண்ணீர் நெஞ்சளவு. அம்மாவை முதுகில் தூக்கிக் கடத்திவிட்டு, "அங்கை இன்னும் சனம் நிக்குது அம்மா, போட்டு வாறன்" என்று திரும்பிவிட்டான்.

அதோடு சரி.

எனக்கு அவன்மேல் பெரிய கோபம். இத்தனை வருடமும் நிலம் துடைக்கும்போது, யன்னல் துடைக்கும்போது, அவனோடு சண்டை பிடித்திருக்கிறேன். ஏன்ரா திரும்பிப் போனனீ, அறுவானே? அம்மாவைக் கடத்தினது காணாதோ? உன்னை ஆர் கேட்டது? அவன் பதில் சொல்லமாட்டான், நான் இன்னும் உரத்துத் துடைப்பேன். அவனுடைய துணிச்சலை யாராவது புகழ்ந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். துணிச்சல் இல்லாத ஒரு தம்பி இருந்திருந்தால், இன்று அவன் வயிறு வைத்து, தலை வழுக்கையாகி, வீடியோவில் என்னோடு வாய்ச்சண்டை பிடித்துக்கொண்டிருப்பான். எனக்கு அந்தத் தம்பிதான் வேண்டும்.

அம்மாவோ அவன் செத்தான் என்று ஒரு நாளும் சொன்னதில்லை, சொல்ல விட்டதுமில்லை. அவனுடைய படத்துக்கு மாலை போடவில்லை. ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் சேட் தைக்கத் துணி வாங்கி வைப்பார். காணாமல் போனவர்களின் தாய்மார் தெருவோரத்தில் கொட்டில் போட்டு, பிள்ளைகளின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு வெயிலுக்குள் இருக்கிறார்களே, அங்கேயும் பஸ் பிடித்துப் போய் இருந்துவிட்டு வருவார்.

சினியோராவுக்கு உரோமையில் ஒரு மருமகன். உரோமைக்குத் தெற்கே, கடலுக்குக் கிட்ட, அமெரிக்கர்கள் தங்கள் செத்த சிப்பாய்களைப் புதைத்த சேமக்காலை ஒன்று இருக்கிறது. அங்கேயுள்ள சிற்றாலயத்தில் காணாமல் போனவர்களின் பெயர்களைச் சலவைக்கல் சுவரில் வெட்டியிருக்கிறார்கள். பிறகு எப்போதாவது ஒருவருடைய உடல் கிடைத்தால், அவருடைய பெயருக்குப் பக்கத்தில் வெண்கலத்தில் ஒரு சின்னப் பூவைப் பதிப்பார்களாம். மருமகன் வருடத்துக்கு ஒரு தடவை போய்ச் சார்ஜென்ட்டின் பெயரைப் படமெடுத்து என் போனுக்கு அனுப்புவார். நான் அதை இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டுவேன்.

"பூ வந்திட்டுதோ?"

"இல்லை சினியோரா."

"நல்லாப் பார்."

நல்லாய்ப் பார்த்தாலும் பூ இருக்காது. ஆனால் அவர் ஒவ்வொரு வருடமும் முதல் தடவை கேட்பதுபோலத்தான் கேட்பார். அவர்கள் இன்னும் தேடுகிறார்களாம். எங்கேயாவது எலும்பு கிடைத்தால் எடுத்துச் சோதிக்கிறார்களாம். இத்தனை காலம் கழித்தும்! எனக்குப் பொறாமை வந்தது, சொல்ல வெட்கமில்லை. அந்தச் சுவருக்கும், அந்தப் பூவுக்கும், ஒரு நாடு தன் பிள்ளையைத் தேடிக்கொண்டே இருப்பதற்கும் பொறாமை. தம்பியின் பெயரை வெட்ட எனக்கு ஒரு கல்லாவது இருந்தால் நான் முழங்காலில் நடந்து போய்ப் பார்த்திருப்பேன்.

இனி அந்த நவம்பரைச் சொல்கிறேன்.

நவம்பர் மாதம் மரித்தவர்களின் மாதம். பலேர்மோச் சனத்துக்கு அது பெருநாள் மாதிரி. கடைகளில் சீனிப் பொம்மைகள் நிறைந்திருக்கும், செத்தவர்கள் வந்து பிள்ளைகளுக்குப் பரிசு வைத்துவிட்டுப் போவார்கள் என்பார்கள். சினியோரா ஒவ்வொரு வருடமும் தன் அமெரிக்கனுக்காகப் பூசை ஒப்புக்கொடுப்பார். பெயரை ஒரு துண்டில் எழுதி என்னிடம் தருவார். நான் போகும் வழியில் அவருடைய பங்குக் கோயிலில் கொடுப்பேன். அந்த முறை அந்தக் கோயில் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. மழை வேறு. சீசாக் கோட்டைக்குக் கிட்ட ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் தமிழ்ப் பூசை நடக்கும் கோயில் இருக்கிறது. பூசை எந்தப் பாஷையில் என்றால் என்ன, ஆண்டவருக்குத் தமிழ் தெரியாதா என்று நினைத்து, துண்டைக் கொண்டுபோய் அங்கேயுள்ள பெட்டிக்குள் போட்டுவிட்டேன்.

எங்கள் வழக்கத்தை அந்த நேரம் நான் யோசிக்கவே இல்லை. இத்தாலியப் பூசையில் பெயர்களை வாசிப்பதோடு சரி. எங்களிடத்தில் அப்படியில்லை. ஆத்துமாக்களுக்கான பூசையில் சுவாமி ஒவ்வொரு பெயராக வாசிக்க, அந்தக் குடும்பத்தில் ஒருவர் எழும்பிப்போய்ப் பீடத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்த வேண்டும். பெயர் வாசித்து ஆள் எழும்பாவிட்டால் கோயில் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். நான் அந்தப் பூசைக்கு ஒவ்வொரு வருடமும் போவேன், ஒரு வருடமும் எழும்பினதில்லை. தம்பியின் பெயரைக் கொடுக்கமாட்டேன் என்பது அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு.

சுவாமி வாசித்துக்கொண்டே வந்தார். மன்னார், யாழ்ப்பாணம், தீவுப்பகுதி என்று எங்கள் சனத்தின் பெயர்கள். திடீரென்று "சார்ஜென்ட்" என்றார். பிறகு அந்த அமெரிக்கப் பெயரை எழுத்துக் கூட்டுவதுபோல் வாசித்தார். யாரோ ஒரு சினியோர் ஆக்கும் என்று நினைத்திருப்பார்.

ஒருவரும் எழும்பவில்லை. சுவாமி நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் வாசித்தார். என்ரை மாதாவே! பின்னாலிருந்த பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள். எனக்கு உடம்பெல்லாம் சுட்டது. படியால் இறங்கி வந்த மனிதன், மற்றவர்களைத் தூக்கத் திரும்பிப் போன மனிதன், அவனுக்காக எழும்ப இந்தக் கோயிலில் ஒரு நாதியில்லையா? நான் எழும்பினேன். நேரே நடந்துபோய் மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்தேன். திரும்பி வரும்போது கண் மறைத்தது. யாருக்காக அழுகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

பூசை முடிந்து வெளியே தேத்தண்ணீர் கொடுத்தார்கள். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சுவாமி வாசித்த பெயர் அவர்களுக்கு விளங்கியிருக்காது, நான் எழும்பி அழுததைத்தான் கண்டிருப்பார்கள். தோளைத் தடவிவிட்டுப் போனார்கள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே! எங்கள் ஊர் அக்கா ஒருத்தி அவசரமாகப் போனை எடுத்துக்கொண்டு மதில் பக்கம் போனதைக் கண்டேன். அப்போதும் எனக்கு விசயம் ஓடி வெளிக்கவில்லை. நான் பஸ்ஸால் இறங்கி வீட்டுக் கதவைத் திறக்கும்போதே போன் அடித்தது.

"எடியே, ஆரைக் கேட்டு அவன்ரை பேரைக் குடுத்தனீ?" அம்மாதான்.

"அம்மா, நான் குடுக்கேல்லை."

"பொய் சொல்லாதை! நீ எழும்பி மெழுகுதிரி கொளுத்தினதை ஊரே கதைக்குது. இஞ்சை பொம்பிளையள் செத்தவீட்டுக்கு வாற மாதிரி வந்து நிக்கிறாளவை. ஒருத்தி மாலை கட்டிக்கொண்டு வந்திட்டாள். தும்புத்தடியாலை கலைச்சனான்."

"அது அவனுக்கில்லை அம்மா. அது ஒரு அமெரிக்கனுக்கு."

"என்னது?"

"அமெரிக்கன் அம்மா. முந்தின சண்டையிலை காணாமல் போன ஒரு அமெரிக்கன்."

"உனக்கு விசர் முத்திட்டுது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு எடுத்தால் எடுக்கவில்லை. அம்மா நம்பிக்கையை விட்டுவிட்டால் என்ன செய்வார் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவர் சாப்பிடுவதும் எழும்புவதும் அந்த நம்பிக்கையில்தான். என் ஒரு மெழுகுதிரியால் அது அணைந்துபோனால் நான் எந்த முகத்தோடு உயிர் வாழ்வது? அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரிக்கு எடுத்துக் கேட்டேன். படத்துக்கு முன்னால் கதிரையைப் போட்டுக் காவல் இருக்கிறா, ஒருத்தரையும் கிட்ட விடுறா இல்லை என்றாள்.

ஒரு நாள் மத்தியானம், சினியோரா கண்ணயர்ந்திருந்த நேரம், அம்மாவே எடுத்தார். சுகம் விசாரிக்கவில்லை.

"ஆர் உந்த அமெரிக்கன்?"

சொன்னேன். நிலவறை, குண்டு, வெறுங்கை, படியில் குந்தியது, சனத்தைக் கூட்டிக்கொண்டு முன்னால் நடந்தது, ஆற்றுப் படுக்கை, திரும்பிப் போனது எல்லாம் சொன்னேன். அந்தச் சுவரையும் பூவையும் சொன்னேன். என் தாய் குறுக்கே கேட்காமல் கதை கேட்டது அதுதான் முதல் தடவை.

"அவனுக்குத் தாய் இருந்தவவோ?"

"இருந்தவ."

"பூவைக் காணாமலே கண்ணை மூடியிருப்பா, என்ன?"

"ஓம் அம்மா."

"அந்தச் சுவரிலை அவையைச் செத்தவையெண்டோ எழுதியிருக்கு?"

"இல்லை. காணாமல் போனவையெண்டுதான்."

"அதுதான் முறை" என்றார் அம்மா. பிறகு, "ஆரோ பெத்த பிள்ளைக்கு நீ எழும்பினனீ. நல்லது. என்ரை பிள்ளைக்கு இத்தினை வருசமா ஒரு கோயிலிலையும் ஒருத்தரும் எழும்பேல்லை" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "நீங்கள்தானே அம்மா வேண்டாமெண்டனீங்கள்! நான் கல்லு மாதிரி அந்தக் கோயில் வாங்கிலை இருந்து இருந்து என்ரை நெஞ்சு வெடிக்குது. அவன் உங்களுக்கு மட்டுமோ பிள்ளை? எனக்குத் தம்பியில்லையோ?"

கத்திவிட்டேன். சினியோரா எழும்பிவிட்டார், உள்ளே இருந்து கூப்பிடுகிறார். அம்மா அழுகிறார், நானும் அழுகிறேன். அவன் போனதற்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து அழுதது அன்றுதான். அதுவரை ஒருத்திக்கு முன்னால் மற்றவள் அழுதால் அவன் செத்துவிடுவான் என்பதுபோல் பயந்துகொண்டிருந்தோம்.

"அடுத்த முறை பேரைக் குடு" என்றார் அம்மா கடைசியில். "ஆனா செத்தவையோடை வாசிக்கக் கூடாது. மெழுகுதிரி கொளுத்தக் கூடாது. அந்தச் சுவரிலை மாதிரி, காணாமல் போனவையெண்டு தனியா வாசிக்கவேணும். இல்லாட்டி வேண்டாம்."

சுவாமியிடம் போய்க் கேட்டேன். அவர் யாழ்ப்பாணத்தவர், என்னைவிட இளையவர். தலையைச் சொறிந்தார். "அக்கா, செத்தவைக்கு மன்றாட்டு இருக்கு, உயிரோடை இருக்கிறவைக்கும் இருக்கு. இடையிலை நிக்கிறவைக்கு நான் எங்கை போறது?"

"அதைத்தான் சுவாமி நாங்களும் இவ்வளவு காலமாக் கேக்கிறம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. யோசித்துச் சொல்லுறன் என்றார். அடுத்த வருடம் நவம்பருக்கு முன்னால், பூசை முடிவில் அறிவித்தார். மரித்தவர்களின் பெயர்களுக்குப் பிறகு காணாமல் போனவர்களின் பெயர்களும் வாசிக்கப்படும், மெழுகுதிரி இல்லை, உரியவர்கள் எழும்பி நின்றால் போதும் என்று.

சினியோராவிடம் சொன்னபோது அவருக்குப் பெரிய சந்தோசம். "அப்ப என்ரை அமெரிக்கனையும் அங்கை மாத்து. பூ வரேல்லையே, செத்தவையோடை அவனுக்கு என்ன வேலை?" என்றார். தானும் வரப்போவதாக ஒரே பிடி. மழைக்கோட்டைப் போட்டு, உதட்டுக்குச் சாயம் பூசி, சக்கர நாற்காலியில் ஏற்றி, சீசாவுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். வழியெல்லாம் நடைபாதையில் நிறுத்தியிருந்த கார்களைத் திட்டிக்கொண்டே வந்தார், சிசிலியனில்.

கோயிலில் நிற்க இடமில்லை. இத்தனை வருடத்தில் அந்தப் பூசைக்கு வராத சனமெல்லாம் வந்திருந்தது. கூட வேலை செய்தவர்கள், பஸ்ஸில் பக்கத்தில் இருந்து வந்தவர்கள். இவர்களுடைய வீட்டிலும் ஒருவர் காணாமல் போயிருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. ஒருத்தரும் சொன்னதில்லை. நானும்தான் சொன்னதில்லையே.

அம்மா போன் வீடியோவில் இருந்தார். பக்கத்து வீட்டுக்காரி பிடித்துக்கொண்டிருக்க, நல்ல சீலை உடுத்துப் பிளாஸ்டிக் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். "சத்தம் போடாமல் கேளுங்கோ அம்மா, என்ன" என்று சொல்லியிருந்தேன். "எனக்குத் தெரியாதோ, நீ உன்ரை வாயைப் பார்" என்றார்.

சுவாமி காணாமல் போனவர்களை வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு பெயருக்கும் ஒருவர் எழும்பினார், சில பெயர்களுக்கு ஒரு வரிசையே எழும்பியது. எழும்பியவர்கள் திரும்ப உட்காரவில்லை. அமெரிக்கனின் பெயர் வந்தது. சினியோராவால் எழும்ப முடியாது, பள்ளிக்கூடப் பிள்ளைபோலக் கையை உயர்த்தினார். அவருடைய உதடு ஏதோ சொன்னது. அதற்குப் பிறகு என் தம்பியின் பெயர்.

நான் எழும்பினேன். அந்தப் பெயரை ஒரு கோயிலில், இவ்வளவு சனத்துக்கு நடுவில், வேறொருவர் வாயால் கேட்டு எத்தனை காலம். கையிலிருந்த போனைப் பார்த்தேன். கதிரை வெறுமையாக இருந்தது. அம்மாவின் சீலைக் கரைதான் தெரிந்தது. அங்கே அவரும் எழும்பி நிற்கிறார். சுவாமி அடுத்த பெயருக்காகத் தாளைப் பார்த்தபோது, அத்தனை அமைதிக்குள், என் கையிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. சந்தியில் நிற்கும் மகனைத் தேடி யாராவது வாசலுக்கு வந்தால் பதில் சொல்வாரே, அதே குரல்.

"இன்னும் வரேல்லை, சுவாமி. வந்தோடனை அனுப்பிவிடுறன்."